வட்டியில்லாத வாஷிங் மிஷின்

வட்டியில்லாத கடன் ஒன்றை அடைப்பதற்காக என் அம்மா தாலிக்கொடியை வட்டிக்கு வைத்தாள். ஈப்போவில் ஒரு வங்கியின் கவுண்டர் முகப்பில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊரார் காசை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டிலேயே இப்படி ஒரு கணக்கு நடந்தது என்று சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

அம்மாவின் கைகளிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் அந்தக் கைகளுக்காக நடந்ததுதான். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டின கை. மரம் வெட்டி முடித்ததும் தோட்டத்து ஸ்டோரில் பால் உறைய வைக்கிற வேலைக்கும் போவாள். அங்கே ஊற்றும் ஆசிட் பட்டுப் பட்டு விரல் இடுக்குகள் வெடித்துக் கிடக்கும். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்து வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொன்ன பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் வாடகைக்குக் குடியேறினோம். அப்பாவுக்கு ஒரு மரப்பலகை ஆலையில் காவல் வேலை கிடைத்தது. அம்மா சீனர் வீடுகளில் துணி துவைக்கப் போனாள். ஆசிட்டில் வெடித்த கை சவுக்காரத்தில் புண்ணானது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர், இனிமேல் சவுக்காரத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்.

"கைய வைக்காம எப்படி டாக்டர் துவைக்கிறது? கழட்டி வச்சிட்டா?" என்று அம்மா கேட்டாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தோட்டத்திலேயே போய்விட்டன. நான் ஒருத்திதான் மிச்சம். படிப்பு முடிந்து வங்கியில் வேலை கிடைத்த அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். எனக்குச் சேலை வேண்டாம், சங்கிலி வேண்டாம். முதலில் அம்மாவுக்கு ஒரு வாஷிங் மிஷின். அதற்காகத் தபால் நிலையச் சேமிப்பில் மாதா மாதம் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஈயத்தின் விலை விழுந்து, சுரங்கங்களை நம்பியிருந்த ஊரே முகம் வாடிக் கிடந்த நேரம். ஆனாலும் டவுனில் ஒரு நான்கு மாடிக் கடையைப் புதிதாகத் திறந்தார்கள். எங்கள் வங்கியின் கடன் அட்டையைக் காட்டி வாங்கினால், பெரிய சாமான்களுக்கு விலையைப் பத்து மாதமாகப் பிரித்துக் கட்டலாம், வட்டி கிடையாது என்று அறிவித்தார்கள். அட்டை என்பதே அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திராத பொருள். வங்கி ஊழியர்கள் என்பதால் எங்களுக்குக் கேட்டதும் கொடுத்தார்கள்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. மூன்று அட்டைகளை விசாரித்தேன். அந்தக் கடையே ஓர் அட்டை கொடுத்தது. வட்டி என்று அதில் எழுதவில்லை, சேவைக் கட்டணம் என்று எழுதியிருந்தார்கள். பெயரை மாற்றினால் எனக்குத் தெரியாதா? இன்னொரு வங்கி, அட்டை எடுத்தால் ஒரு குடை இலவசம் என்றது. ஆனால் ஒரே மாதத்தில் முழுப் பணத்தையும் கட்டினால்தான் வட்டியில்லை. எங்கள் வங்கி குடையும் கொடுக்கவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை. பத்து மாதம் மட்டும் கொடுத்தது.

"குடை குடுக்குறான்ல? அத வாங்கிப் போட்டா என்னா லா?" என்றாள் அம்மா.

"குடைக்கு ஆசைப்பட்டு வீட்ட விக்கிறதா?"

"நம்மகிட்ட வீடு எங்க இருக்கு, விக்கிறதுக்கு?"

அம்மாவிடம் பேசி ஜெயிக்க முடியாது.

என் மேலதிகாரி ஒரு சீனப் பெண்மணி. அவர் எனக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கையில் காசு இருக்கிறது என்பதற்காக ஒரேயடியாகக் கட்டிவிடாதே. காசு சேமிப்பிலேயே இருக்கட்டும். சம்பளத்திலிருந்து மாதா மாதம் கட்டு. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது என்றால் கையில் காசு இருக்கும். ஆனால் ஒரு மாதம்கூடத் தவணை தவறக் கூடாது, தவறினால் முதல் நாளிலிருந்து வட்டி போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். இதில் சூது எதுவும் இல்லை. இதை நான் அம்மாவிடம் தமிழில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அம்மா தலையை ஆட்டுவாள். ஒரு வார்த்தையும் உள்ளே போகாது.

அது ஏன் போகாது என்பதும் எனக்குத் தெரியும். தோட்டத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நடந்தது அது. அப்பா டவுன் கடையில் தவணைக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி எடுத்தார். எங்கள் லயத்துக்கே அது ஒன்றுதான். சாயங்காலம் தோட்டத்து இன்ஜின் ஓடத் தொடங்கினால்தான் லயத்துக்கு மின்சாரம் வரும். தமிழ்ப் படம் போடுகிற நாளில் உள்ளே இடமில்லாமல் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள். வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. தவணை நின்றது. ஒரு சாயங்காலம், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரனின் வேன் லயத்து வாசலில் வந்து நின்றது.

படம் முடிகிறவரையாவது விட்டு வைத்திருக்கலாம். விடவில்லை. இரண்டு ஆட்கள் உள்ளே வந்து ஒயரைப் பிடுங்கினார்கள். கூடியிருந்த சனம் மொத்தமும் எழுந்து அவர்களுக்கு வழிவிட்டது. டிவியின் மேல் அம்மா தன் கையால் பின்னின வெள்ளைத் துணி ஒன்று போட்டிருந்தாள். "அது என்னோடது" என்று சொல்லி அதை மட்டும் எடுத்துக்கொண்டாள். வேனின் பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அம்மா துணியை நான்காக மடித்துக் கையில் வைத்தபடி வாசலிலேயே நின்றாள். எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போன பிறகும் நின்றாள். நான் போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

இப்படிப்பட்டவளின் வீட்டுக்குத்தான் வாஷிங் மிஷின் வந்தது. கடை லாரியில் வந்து இறங்கியபோது தெருவே எட்டிப் பார்த்தது. குசினிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வைத்தோம். நான் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். அம்மா மூடியைத் தூக்கி, தண்ணீர் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அந்தப் பின்னல் துணியை எடுத்து மேலே போடு என்று நான் சொன்னபோது, "இப்ப வேணாம். முழுசும் நம்மளோடது ஆகட்டும்" என்றாள்.

முதல் இரண்டு தவணைகளை நான் சம்பளத்திலிருந்து கட்டினேன். அதற்குள் எனக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். கோயிலுக்கு வருகிற தாய்மார்களிடம் பேசிப் பேசியே பாதி புந்தோங்குக்குக் கல்யாணம் முடித்து வைத்தவர். அவர்தான் கொண்டு வந்தார். மாப்பிள்ளை சித்தியவான் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார்.

"நல்ல இடந்தான். ஆனா ஒன்னு. பொண்ணு பேர்ல ஊத்தாங் இருக்கான்னு கேட்டாங்க" என்றார் அந்த அக்கா. "பேங்க் வேலைக்குப் போற பொண்ணுங்கன்னா லோன் எடுத்து வச்சிருக்கும்னு ஒரு பேச்சு இருக்கு. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போனா அவங்க புள்ளதான கட்டணும்?"

ஊத்தாங் என்றால் கடன். அம்மா என்னைப் பார்த்தாள். மிஷின் இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"அது கடன் இல்லக்கா. வட்டியே இல்ல" என்றேன் நான்.

"வட்டி இல்லாட்டி என்னாம்மா, உன் பேர்ல இருக்கா இல்லையா?"

இருக்கிறது. அதை எப்படி மறுப்பது? அந்த அக்கா போன பிறகு அம்மா ஆரம்பித்தாள். முழுக் காசையும் கட்டிவிடு என்றாள். சேமிப்பில் இருப்பதை எடுத்துக் கட்டட்டுமா என்று கேட்டேன். அதற்கும் குதித்தாள். அது என் கல்யாணக் காசாம், அதைத் தொடக் கூடாதாம். கட்டவும் வேண்டும், எடுக்கவும் கூடாது என்றால் நான் என்ன வங்கியைக் கொள்ளையடிக்கவா? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே ஒரு பழைய மாவு டின்னைத் திறந்து நோட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஏதும்மா?"

"கூட்டு எடுத்தேன்."

தெருப் பெண்கள் சேர்ந்து மாதா மாதம் காசு போட்டு, குலுக்கி, ஒருவர் எடுப்பதைத்தான் கூட்டு என்போம். அம்மா எப்போதும் ஏதாவது ஒரு கூட்டில் இருப்பாள். நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை.

"இப்ப கட்டினாலும் மாசா மாசம் கட்டினாலும் ஒரே காசுதாம்மா. ஒரு காசு கொறையாது. நீ வச்சுக்க."

"நான் ஒன்னும் கொறைக்கச் சொல்லல. கட்டு. நானும் வாரேன்."

அன்றைக்கு என்னோடு வங்கிக்கே வந்துவிட்டாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, நான் வேலை பார்க்கும் முகப்புக்கு எதிரே நின்று, என் தோழி நோட்டுகளை எண்ணி முடிக்கும்வரை இமை கொட்டாமல் பார்த்தாள். தோழி என்னிடம் மெல்ல, "ஏன் அவசரப்படுற? இதுல உனக்கு ஒரு லாபமும் இல்லையே" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா முகப்பில் சாய்ந்து, "முடிஞ்சிச்சா? இனிமே யாரும் வர மாட்டாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். யாரும் வர மாட்டார்கள் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பின்னல் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறி, மிஷினின் மேல் விரித்துவிட்டாள். டிவிக்குப் பின்னிய துணி மிஷினின் அகலத்துக்குப் போதவில்லை. நடுவில் மட்டும் கிடந்தது.

அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடிக்குப் பதிலாக மஞ்சள் கயிறு கிடப்பதை நான் அதே வாரம் கவனித்தேன். கேட்டேன். கொடி கழுத்தில் அரிப்பு கொடுக்கிறது, டாக்டர் கொடுத்த களிம்பு போட்டும் நிற்கவில்லை, கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்றாள். கையைப் பார்த்தவர்கள் கழுத்தையும் நம்புவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சித்தியவானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் இன்னும் இரண்டு பேரும். கேசரி செய்தோம். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்ததைவிட என் அம்மாவைத்தான் அதிகம் பார்த்தார். "பொண்ணு பேர்ல ஒரு காசு ஊத்தாங் இல்லீங்க" என்று அம்மா யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை. வந்தவர்கள் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு பேச்சே இல்லை. கல்யாணம் முடிக்கும் அக்காவைப் பிடித்து நான்தான் கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார்.

"என்னாத்தச் சொல்றது? பெத்தவ கழுத்துலேயே வெறும் மஞ்சக் கயிறு கெடக்கு, பொண்ணுக்கு என்னா போட்டு அனுப்பப் போறாங்கன்னு கேட்டாங்க."

எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. நல்ல வேளை அந்த வீட்டுக்கு நான் போகவில்லை என்று குசினியில் நின்று கத்தினேன். கழுத்தை எடை போட்டுப் பெண் எடுக்கிறவர்கள் நகைக் கடைக்குப் போக வேண்டியதுதானே என்றேன். அப்பா வாசலில் உட்கார்ந்து காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவே இல்லை. அம்மா மிஷினில் போட வேண்டிய சட்டைகளை எடுத்துக் காலர்களைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே காலரை வெகுநேரம் தேய்த்தாள். நான் கத்தியதற்கு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலர் என்று சொன்னேன் இல்லையா? அந்தச் சட்டைகள் எங்களுடையவை அல்ல. கையைத் தண்ணீரில் வைக்காமல் இருப்பதற்காக வாங்கின மிஷினை வைத்துக்கொண்டு அம்மா ஊர்த் துணியை வீட்டுக்கே வாங்கித் துவைக்கத் தொடங்கியிருந்தாள். முன்பு வீடு வீடாகப் போனவள், இப்போது மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாள்.

"உனக்கு என்ன பைத்தியமாம்மா? இதுக்கா நான் வாங்கிக் குடுத்தேன்?"

"மிஷின்தான துவைக்குது? நானா துவைக்கிறேன்?"

"காலர யாரு தேய்க்கிறா? மிஷினா?"

"காலர் மட்டுந்தான லா."

காலர் மட்டும் இல்லை. சாயம் போகிற துணி, பட்டு, பாசிமணி தைத்த துணி எல்லாம் கையில்தான். விரல்கள் மறுபடியும் வெடித்தன. இந்தக் காசு எதற்கு என்று கேட்டால் கூட்டுக்குக் கட்ட வேண்டும் என்பாள். என் சம்பளத்தில் கட்டுகிறேன் என்றால், "உன் காசு உனக்கு" என்பாள். அவள் தவணையை அடைத்துவிட்டதால், நான் அதற்கு ஒதுக்கியிருந்த பணத்தையும் சேர்த்துச் சேமிப்பில் போட்டு வந்தேன். அது பெருகிக்கொண்டே போனது. எடுத்துச் செலவழிக்கத்தான் வழியில்லை.

சீனப் பெருநாளுக்கு முன்னால் சீனர்கள் வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் துவைக்கப் போடுவார்கள். அந்த வருடம் அம்மாவுக்கு வந்த திரைச்சீலைகளைப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. மிஷினுக்குள் அவை நுழையாது. பெரிய தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து, கையால் பிழிந்து காய வைத்தாள். நான் வேலை முடிந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன், அவள் மறுமுனையை முறுக்குவாள். பெருநாளுக்கு முதல்நாள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். மறுநாள் காலையில், தெருவின் அந்தப் பக்கம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது, குழாயடியில் விழுந்தாள். அப்பாதான் முதலில் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம், மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டு வந்து குளிப்பாட்டினார்கள். கல்யாணம் முடிக்கும் அந்த அக்காதான் முன்னின்று செய்தார். மஞ்சள் பூசி, கூறைச்சேலை கட்டி, பூ வைத்து, பெரிய பொட்டும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாலிக்கொடிய எடுத்துட்டு வாம்மா. சுமங்கலியாப் போறவ, கொடியோட போகணும்" என்றார்.

நான் பெட்டியைத் திறந்தேன். சேலைகளைக் கலைத்துப் பார்த்தேன். இல்லை. மறுபடியும் பார்த்தேன். திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார் என்றார்கள். மனைவி கூடத்தில் கிடக்கும்போது இந்த மனிதர் எங்கே போனார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. வெகுநேரம் கழித்துச் சட்டையெல்லாம் வியர்வையோடு வந்தார். பெண்கள் முன்னால் ஒன்றும் பேசாமல் என்னைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டார். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"பஜாக் கடையில இருக்கும்மா. பெருநாளுக்கு அடைச்சிட்டான். கதவத் தட்டித் தட்டிப் பார்த்தேன். யாரும் இல்ல."

பஜாக் கடை என்றால் அடகுக் கடை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்காக அடகு என்று கேட்டேன். அவர் மிஷினின் மேல் கையை வைத்தார். அவ்வளவுதான். எல்லாம் விளங்கிவிட்டது. கூட்டு எடுத்த காசு, அரிப்பு, காலர், திரைச்சீலை, எல்லாம்.

"வட்டியே இல்லாத கடனுக்கு வட்டிக்கு வச்சீங்களா? நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னேம்மா. அதுவும் கடன்தானன்னு சொன்னேன். அவ கேக்கல." அப்பா மிஷினிலிருந்து கையை எடுத்தார். "அவ என்னா சொன்னா தெரியுமா? கடன்னா அவங்க சாமான் நம்ம வீட்டுல இருக்கிறது, எப்ப வேணும்னாலும் வந்து தூக்கிட்டுப் போவாங்க. பஜாக்குன்னா நம்ம சாமான் அவங்க வீட்டுல இருக்கு, நாமதான் போய்த் தூக்கிட்டு வரணும். பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு வேன் வந்து நின்னா என்னா பண்றதுன்னு கேட்டா. என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கூடத்தில் கிடப்பவளைப் பிடித்து உலுக்கி, எந்த வேன் வரும், யார் வருவார்கள், நான் எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. ஆபத்துக்கு என்று நான் சேர்த்து வைத்திருந்த பணம் தபால் நிலையத்தில் பத்திரமாக இருந்தது. அதுவும் பெருநாளுக்கு அடைத்திருந்தது. திறந்திருந்தால்தான் என்ன, அடகுக் கடை திறக்க வேண்டுமே.

கொடி அடகில் இருக்கிறது என்று அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். சித்தியவான்காரர்கள் சொன்னதை என்னிடம் சொன்னவர் அவர்தானே. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு எடுத்து, அதில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டி, அம்மாவின் கழுத்தில் போட்டார். அம்மா அதோடுதான் போனாள். கைகளைச் சேர்த்து வைக்கும்போது பார்த்தேன், திரைச்சீலை துவைத்த புண் ஆறாமல் இருந்தது. களிம்பை எடுத்துத் தடவினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

பெருநாள் முடிந்து கடைகள் திறந்த அன்று நான் தபால் நிலையத்துக்குப் போய்ப் பணம் எடுத்தேன். அப்பா வைத்திருந்த அடகுச் சீட்டோடு அந்தக் கடையைத் தேடிப் போனேன். பழைய டவுன் பக்கம், ஐந்தடி நடைபாதையில் பட்டாசுத் தாள்கள் சிவப்பாகச் சிதறிக் கிடந்தன. உள்ளே முகப்பு என் கழுத்து உயரத்துக்கு இருந்தது. அதற்கு மேல் இரும்புக் கம்பி. நானும் முகப்பில் உட்கார்கிறவள்தான். ஆனால் எங்கள் வங்கிக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அம்மா என்னைவிடக் குள்ளம். இதற்கு முன்னால் நின்று எப்படித்தான் பேசினாளோ.

வயதான சீனர் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி வந்த தமிழ் அவருக்கு இருந்தது.

"அம்மா வரல கா?"

வரவில்லை என்றேன்.

"அம்மா சாக்கிட் கா?"

உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. அவர் உள்ளே போனார். நான் பையைத் திறந்து பணத்தை எடுப்பதற்குள் ஒரு சின்ன உறையோடு வந்தார். கொடியை எடுத்து, கம்பிக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக என் பக்கம் தள்ளினார்.

"பாரு" என்றார். "பார்த்துட்டு குடு."

எனக்குப் புரியவில்லை. நான் அவரையே பார்த்தேன்.

"உங்க அம்மா எல்லா மாசமும் வரும். வட்டி கட்டும். அப்புறம் பார்க்கணும்னு கேக்கும். கண்ணுல வைக்கும், குடுத்துரும். நீயும் பாரு."

கொடியை எடுத்தேன். கனமில்லாத கொடி. அம்மா கல்யாணத்தன்று போட்டு, பால் மரத்துக்கும் ஸ்டோருக்கும் போட்டுக்கொண்டு போய், தேய்ந்து மெலிந்துபோன கொடி. இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் முகப்பில் நெற்றியை வைத்து அழுதேன்.

அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. மாதா மாதம் பழகிய வேலை போலிருக்கிறது. கம்பிக்குக் கீழே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, நான் கொடியைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் காத்திருந்தார். நான் பையிலிருந்த பணத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அசலும் வட்டியும் போக மிச்சம் இருந்தது.